சௌரங்கித் தோட்டத்திலிருந்து எம் கொல்லை வரை

சென்ற ஐப்பசி அடைமழையின்போது ஓரிரவு, தேர்வுத்தாள்களைத் திருத்தி முடித்துக் கொல்லைக் கதவைச் சாத்தப் போன நாம், கைவிளக்கை ஒருமுறை தோட்டத்தின் பக்கம் திருப்பினோம். சுண்ணாம்பு பூசிய மதிலில், உள்ளங்கை நீளத்தில், பழுப்பு வரியோடிய ஓடுகள் ஊர்ந்துகொண்டிருந்தன. எண்ணிப் பார்த்தோம், 17. மறுநாட் காலையில் பப்பாளிக் கன்றுகள் நான்கும் தண்டு மட்டுமாய் நின்றன. கீரைப் பாத்தி இருந்த இடத்தில் ஈர மண்ணும் வெள்ளிக் கோடுகளுமே எஞ்சியிருந்தன. முன்றிலில் நாம் ஆறாண்டுகளாய் நீரூற்றி வளர்த்த அருகம்புல் தரையின் விளிம்பெங்கும் அதே வெள்ளிக் கோடுகள்.

நாகர்கோயிலுக்கு மேற்கே, மலையாள எல்லையை ஒட்டிய எம் ஊரில் இரு பருவமழையும் பெய்யும். நத்தை எமக்குப் புதிதன்று. ஆனால் இந்த நத்தை புதிது. எம் அன்னையார் அதனைப் பார்த்தவுடன், "இது நம்மூர்ச் சாதி இல்லேப்பா" என்றார். எண்பது வயது கடந்த அவர் பள்ளிக்கூடம் சென்றவரல்லர். ஆயினும் அவர் சொன்னதே மெய் என்பதைப் பின்னர் நூல்களைப் புரட்டித் தெரிந்துகொண்டோம். அத்தேடலில் கிட்டியவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழாசிரியர் எவரும் நத்தை என்றவுடன் முதலில் செல்லுமிடம் தொல்காப்பிய மரபியலாகத்தானே இருக்கும்? உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கும் அவ்வியலில், 'நந்து' ஈரறிவுயிராக வைக்கப்பட்டுள்ளது. மெய்யுணர்வும் நாவுணர்வும் உடையது என்பது கருத்து. எம் கொல்லையில் நிகழ்ந்ததைக் கண்ட பின், அந்த நாவுணர்வைப் பற்றி ஆசிரியர் இன்னும் நான்கு நூற்பா பாடியிருக்கலாம் என்றே தோன்றுகின்றது. அதே இயல் பெண்பாற் பெயர்களைக் கூறுமிடத்து, நீர்வாழ்வனவற்றுள் நந்துக்கு 'நாகு' என்னும் பெயரை உரிமையாக்குகின்றது. நாம் இங்குப் பேசும் நத்தையோ நிலத்தில் வாழ்வது; அன்றியும் ஆண்மை, பெண்மை இரண்டும் ஓருடலிலேயே கொண்டது. ஒவ்வொன்றும் முட்டையிடும். ஒருமுறை கூடினால் பெற்ற விந்தைப் பல மாதங்கள் உடலுள் காத்து வைத்து, துணையின்றியே மீண்டும் மீண்டும் முட்டையிடும். ஓர் ஈட்டுக்கு நூறு முதல் நானூறு வரை முட்டைகள். ஒற்றை நத்தை ஒரு தோட்டத்தை நிறைக்க இது போதாதா?

இதன் பெயர் ஆப்பிரிக்க ராட்சத நத்தை. அறிவியலார் லிஸ்ஸகட்டினா ஃபுலிகா என்பர். பழைய நூல்களில் அகட்டினா ஃபுலிகா என்றிருக்கும். பிறப்பிடம் ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரை. அங்கிருந்து மடகாஸ்கருக்கும், பின் மொரீஷியசுக்கும் மனிதரோடு சென்றது. இந்தியாவுக்கு வந்த கதைதான் எம்மை வியப்பில் ஆழ்த்தியது.

வில்லியம் ஹென்றி பென்சன் என்பார் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளச் சிவில் பணியில் இருந்தவர். அவர்தம் உண்மையான நாட்டம் நத்தைகளில் இருந்தது. இந்திய நில நத்தைகள் பலவற்றை முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர் அவரே. 1847ஆம் ஆண்டு மொரீஷியசிலிருந்து உயிருள்ள நத்தைகளை அவர் கல்கத்தாவுக்குக் கொணர்ந்தார். அவை சௌரங்கிப் பகுதியில் ஒரு தோட்டத்தில் விடப்பட்டன. இந்திய மண்ணில் இவ்வினத்தின் வரலாறு அத்தோட்டத்தில்தான் தொடங்குகின்றது. அறியாத மாலுமியோ, சரக்குப் பொதியோ கொண்டுவந்திருந்தால் நாம் இத்துணை வியந்திரோம். நத்தையை நன்கறிந்த ஒருவர், அதன்மேற் கொண்ட அன்பினாலேயே கொண்டுவந்தார் என்பதுதான் நெருடுகின்றது.

இலங்கையிலும் அதுவே நிகழ்ந்தது. 1900ஆம் ஆண்டு ஆலிவர் காலெட் என்னும் ஆர்வலர் வட்டவளையில் அவற்றை விட்டார். அவரும் சிப்பி, நத்தை ஓடுகளை ஆராய்ந்தவரே. 1910இலேயே அந்நாட்டு அரசுப் பூச்சியியலாளரான எர்னஸ்ட் கிரீன் இந்நத்தைப் பெருக்கம் குறித்து எழுத நேர்ந்தது. பசிபிக் தீவுகளுக்கு, இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில், சப்பானியர் உணவுக்காகக் கொண்டுசென்றனர். ஹவாய்த் தீவுகளை அடைந்தது 1936இல். இவ்வாறு தோட்டத்துக்கு அழகென்றும், மருந்தென்றும், உணவென்றும் ஒவ்வொரு காரணம் சொல்லி மனிதர் சுமந்து சென்றனரேயன்றி, நத்தை தன் காலால் கடல் தாண்டவில்லை. (காலொன்றுதான் அதற்கு உடம்பே என்பது வேறு!)

அமெரிக்க ஃபுளோரிடாவின் கதை சிறுகதையாக எழுதத் தக்கது. 1966இல் ஹவாய்க்குச் சென்று திரும்பிய சிறுவன் ஒருவன் மூன்று நத்தைகளை மயாமி நகருக்குக் கொண்டுவந்தான். பாட்டி அவற்றைத் தோட்டத்தில் விட்டார். எந்தப் பாட்டியும் அதைத்தானே செய்திருப்பார்? ஏழாண்டுகளில் அவை 18,000க்கு மேல் பெருகின. பத்து இலட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு, 1975இல்தான் அழித்து முடித்தனர். கதை அத்தோடு நிற்கவில்லை. 2011இல் அதே மயாமியில் மீண்டும் தென்பட்டன. மோப்ப நாய்களைப் பழக்கி வீடு வீடாய்த் தேடி, ஒன்றரை இலட்சத்துக்கும் மேல் பொறுக்கி, 2021இல் ஒழிந்தன என்று அறிவித்தனர். மறு ஆண்டே, 2022இல், அம்மாநிலத்தின் பாஸ்கோ வட்டாரத்தில் ஒரு தோட்டக்காரர் கண்ணில் மறுபடியும் பட்டது.

இனி எம் குற்றத்தைச் சொல்ல வேண்டும். பப்பாளி போன வாரத்தில், சினம் தணியாத நிலையில், உரக்கடை ஒன்றில் நத்தைக்கு மருந்து கேட்டோம். நீலநிறக் குருணையைப் பொட்டலத்தில் கட்டித் தந்தனர், பெயரில்லை, எச்சரிக்கையில்லை. நாமும் கேட்கவில்லை. புல்தரையின் ஓரமெங்கும் தூவினோம். அது மெட்டால்டிஹைடு என்னும் நத்தைக்கொல்லியாய் இருந்திருக்க வேண்டும் என்று பின்னர் கால்நடை மருத்துவர் கூறினார். நத்தைகளும் செத்தன. அடுத்த வீட்டு அண்ணாச்சியின் நாயும், மதில் இடைவெளியில் எப்போதும் போல நுழைந்து வந்து, அதனைத் தின்றது. இரண்டு நாள் உடல் நடுங்கிக் கிடந்து மூன்றாம் நாள் இறந்தது. நாய்களை ஈர்க்கும் மாவுப்பொருள் அக்குருணையில் கலந்திருக்கும் என்பதையும், பிரித்தானியா அதனை வெளிப்புறப் பயன்பாட்டுக்கு 2022இல் தடை செய்துவிட்டது என்பதையும் நாம் படித்தது அதற்குப் பிறகே. அண்ணாச்சி எம்மிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

நஞ்சு வேண்டாமெனில் பகையைக் கொண்டுவந்து விடலாமே என்றார் எம் கல்லூரி விலங்கியல் துறை நண்பர் ஒருவர். கொண்டுவந்து பார்த்த நாடுகள் உண்டு. ஃபுளோரிடாவைச் சேர்ந்த 'ரோசா ஓநாய் நத்தை' என்று சொல்லத்தக்க ஓரினம், பிற நத்தைகளைத் துரத்திப் பிடித்து உண்பது. அதனை 1955இல் ஹவாயிலும், 1974இல் தகீத்தியிலும், 1977இல் மூரியா தீவிலும் விட்டனர். வந்த நத்தை, ராட்சத நத்தையை விட்டுவிட்டு, மரங்களில் வாழ்ந்த சின்னஞ்சிறு சுதேசி நத்தைகளை உண்ணத் தலைப்பட்டது. மூரியாவின் பார்ட்டுலா நத்தைகள் பத்தே ஆண்டுகளில் காடுகளிலிருந்து மறைந்தன. விலங்குக் காட்சிச் சாலைகளில் காத்து வளர்த்தவற்றையே இப்போது மீண்டும் அத்தீவுகளில் விட்டு வருகின்றனர். ஹவாயில் ஒரு மரநத்தையினத்தின் கடைசி உயிராய், ஆய்வகத்தில் 'ஜார்ஜ்' என்னும் பெயரோடு வாழ்ந்தது 2019 சனவரி முதல் நாளில் இறந்தது. அதற்குத் துணையில்லை. இருபாலும் ஓருடலில் இருந்தும் என்ன பயன்?

ஆனால் பகையைக் கொணர்வது எப்போதும் பிழை என்று முடிவு கட்டுவதும் சரியன்று. எம் தமிழ்நிலத்திலேயே அதற்கு எதிர்ச்சான்று இருக்கின்றது. சப்பாத்திக்கள்ளி வேலிகளை நம் பாட்டன்மார் அறிவர். கம்பெனியார்க்குச் செஞ்சாயம் வேண்டியிருந்தது. சென்னையில் மருத்துவராயிருந்த சேம்சு ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே அமைத்துச் சாயப்பூச்சிக்குக் காத்திருந்தார். 1795இல் பிரேசிலிலிருந்து ஒரு பூச்சி வந்தது. விரும்பிய உயர்வகைப் பூச்சி அன்று அது. சாயத் தொழில் பொய்த்தது. ஆயின் அப்பூச்சி கள்ளிவகை ஒன்றைத் தின்று அழித்தது. சாயம் தராத பூச்சி களையைத் தீர்க்கும் என்பதை அதனால் உணர்ந்தனர். 1865ஐ ஒட்டி அதனை இங்கிருந்து இலங்கைக்குக் கொண்டுசென்றனர். 1926இல் இன்னொரு வகைச் சாயப்பூச்சி இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்து, அதுவரை அடங்காத மற்றொரு சப்பாத்திக்கள்ளியை ஒடுக்கியது. கடலுக்கு இக்கரையும் அக்கரையும் ஒன்றுக்கொன்று செய்துகொண்ட உதவிகளுள் இதுவும் ஒன்று; வரலாற்று நூல்களில் ஏனோ இதற்கு இடமில்லை.

கள்ளியில் வென்றது நத்தையில் தோற்றது ஏன்? அப்பூச்சிக்குக் கள்ளியன்றி வேறு உணவில்லை. ஓநாய் நத்தைக்கோ எந்த நத்தையும் உணவு. எளிதில் அகப்படுவதை விட்டு, கையளவு ஓட்டோடு போராட அதற்கென்ன தலையெழுத்து? இந்த ஒரு வேறுபாட்டைக் கருதியிருந்தால் பார்ட்டுலா பிழைத்திருக்கும். நண்பரும் இதனை ஒப்புக்கொண்டார்.

ஆகவே, இங்கேயே உள்ள பகையை நாம் கவனிக்கலானோம். செம்போத்து இந்நத்தையை உண்ணும். எம் வேலியோர முருங்கையில் ஓர் இணை உண்டு. புல்தரையில் நடந்து வந்து, ஓட்டை அலகால் உடைப்பதை இருமுறை கண்டோம். இலங்கையில் 1924இல் எழுதப்பட்ட ஆய்வொன்று, மின்மினி இனம் ஒன்றின் புழுப்பருவம் இந்நத்தையைப் பற்றி உண்பதை விவரிக்கின்றது. மின்மினியைக் காதலர் பிரிவோடும் கார்காலத்தோடும் சேர்த்தே முப்பது ஆண்டு படித்த நாம், அது புழுவாயிருக்கையில் ஊனுண்ணி என்பதை அறியாதிருந்தோம்! வேலியடியில் மருந்து தெளித்தால் அதுவும் சாகும் என்பதையும் இப்போது எண்ணிப் பார்க்கின்றோம்.

இவை போதுமா எனில், போதா. கையால் பொறுக்குவதே எங்கும் கடைசியில் நின்ற வழி. மயாமியிலும் அதுவே. நனைத்த சாக்கின்கீழ் பப்பாளி இலையும் முட்டைக்கோசுத் தழையும் மாலையில் இட்டு வைத்தால், இரவில் அங்கே கூடுகின்றன. கையுறை கட்டாயம். எலியின் நுரையீரலில் வாழும் ஒரு புழு இந்நத்தையின் உடலில் வளர்ந்து, மனிதருக்குச் சென்றால் மூளையுறையில் அழற்சி உண்டாக்கக் கூடும். நத்தை ஊர்ந்த கீரையைக் கழுவாமல் உண்பதும் அதே கேடுதான். பொறுக்கியவற்றைக் கெட்டியான உப்புநீர் வாளியிலிட்டு, பின் ஆழக் குழிதோண்டிப் புதைக்கின்றோம். உப்பை நேரே தரையில் தூவும் வழக்கம் எம் தெருவில் உண்டு. நத்தை சாகும், மண்ணும் சாகும். புகையிலைச் சாற்றில் மயில்துத்தம் கலந்து தெளிக்கும் முறையைக் கேரளத்தில் பரிந்துரைக்கின்றனர். பயன் தருகின்றது எனினும், செம்பு மண்ணில் தங்கும், மண்புழுவுக்கு ஆகாது. நாம் மதிலடியில் மட்டும், அதுவும் ஒருமுறையே, தெளித்தோம்.

புல்தரையைப் பற்றி ஒரு சொல். 1830இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் புல்வெட்டும் பொறியைச் செய்யுமுன், மட்டமான புல்தரை என்பது அரிவாள் பிடிக்க ஆள் வைத்திருந்த செல்வர்க்கே உரியது. அப்பொறியின் வழிவந்த ஒன்றை நாமும் தவணையில் வாங்கினோம். பிள்ளையாருக்கு அணிவிக்கும் அருகையே மொட்டையடித்து அழகு பார்ப்பது அன்னையாருக்கு இன்றும் உவப்பன்று. ஆனால் நத்தையின் பொருட்டு அதில் ஒரு நன்மை கண்டோம். ஒட்ட வெட்டிய தரை வெயிலில் காய்கின்றது. காய்ந்த இடத்தை நத்தை பகலில் நாடாது. ஆகையால் மதிலோரம் மூன்றடிக்கு வெட்டி வைத்து, மட்டையும் ஓலையும் கவிழ்த்த சட்டியும் அப்புறப்படுத்தினோம். மாலையில் நீரூற்றும் வழக்கத்தை விடியலுக்கு மாற்றினோம். மண்ணைக் கிளறினால் மிளகளவில் வெளிர்மஞ்சள் முட்டைகள் குவியலாய் அகப்படும். ஒரு குவியலை எடுப்பது நூறு நத்தையைப் பொறுக்குவதற்குச் சமம்.

கார்த்திகை முதல் வாரத்தில் ஓரிரவு, வாளியோடு நாம் குனிந்திருந்தபோது மதிலுக்கு அப்பாலும் விளக்கொளி தெரிந்தது. அண்ணாச்சி. "சார், அந்த ஈசானி மூலையில பாத்தீங்களா? வாழைக்குக் கீழே நிறைய கெடக்கு" என்றார். அவர் கையிலும் ஒரு வாளி. அன்றிலிருந்து இருவருமாய், இரவு ஒன்பதரைக்கு. எண்ணிக்கையை அவர் தம் பழைய நாட்குறிப்பில் எழுதி வைக்கின்றார்: கார்த்திகையில் 412, மார்கழியில் 166, தையில் 38. மாசியில் ஒன்றுமில்லை. ஆனால் அவை அழிந்துவிட்டன என்று கொள்ள வேண்டா. கோடையில் ஓட்டின் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு மண்ணுள் மாதக்கணக்கில் உறங்க வல்லது இந்த உயிர். வைகாசிக் கடைசியில் முதல் மழை விழும். சாக்குகளை உலர்த்தி மடித்து வைத்திருக்கின்றோம். மதில் இடைவெளியை மட்டும் இருவருமே இன்னும் அடைக்கவில்லை.