சொல்லுக்கு உயிர் வரும் இடம்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 11:19-26



நம் சேர்வராயன் மலைச் சரிவுகளில் காப்பிச் செடி வேர்கொண்டு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் அதை இங்கே கொண்டுவந்து பயிரிட்டார். செடியோடு அதன் பெயரும் மலையேறிற்று. பிற்காலத்தில் தனித்தமிழ் அன்பர்கள் அதற்குக் 'குளம்பி' என்று பெயர் ஆக்கினார்கள். சொல்லில் குறையில்லை, ஆனாலும் ஏற்காட்டுத் தோட்டத்தில் பழம் பறிக்கிறவர் வாயில் அது ஏறவில்லை. 'தேநீர்' என்னும் சொல்லோ கடைப் பலகை வரைக்கும் வந்து நிலைத்துவிட்டது. ஒன்று நிலைத்ததும் மற்றொன்று நிலையாததும் ஏன்?

மலையடிவாரத்துச் சேலத்திலே இக்கேள்வியோடு போராடினவர்கள் உண்டு. அங்கே வழக்கறிஞராயிருந்த இராஜாஜி, 1916-ல் நண்பர்களோடு சேர்ந்து, அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். 'திண்ணை ரசாயனம்' என்னும் நூலையும் பின்னர் எழுதினார். இன்று நம் பிள்ளைகள் அந்தப் பாடத்தை 'வேதியியல்' என்று படிக்கிறார்கள். அவர் கையாண்ட சொல் ஒதுங்கிற்று. தமிழிலேயே அதைக் கற்கலாம் என்னும் அவருடைய நம்பிக்கை நின்றது.

பாரதியாரும் 'மெம்பர்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேர்ச்சொல் தேடி இடர்ப்பட்டார். அவயவி, அங்கத்தான், உறுப்பாளி, சபிகன் என்று பலவற்றை நிறுத்துப் பார்த்தும் மனம் நிறையாமல், 'மெம்பர்' என்றே எழுதினார். இன்றோ 'உறுப்பினர்', 'அங்கத்தினர்' என்று தயக்கமின்றிச் சொல்லுகிறோம். அவர் தள்ளிய சொற்களுக்கும் நாம் கொண்ட சொற்களுக்கும் வேற்றுமை சிறிதே. சங்கங்களும் சபைகளும் கூடிக்கூடி வழங்கியதனாலேயே அவை பழகிப்போயின.

நம்முடைய வேதாகமத்தின் சரித்திரமும் இதையே காட்டுகிறது. 1715-ல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிந்த புதிய ஏற்பாட்டில் சீகன்பால்கு ஐயர் ஆண்டவரைச் 'சர்வேசுரன்' என்றார். பின்வந்த பப்ரிசியஸ் ஐயர் 'பராபரன்' என்றார். பவர் ஐயர் முன்னின்று முடித்து 1871-ல் வெளிவந்த மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. அதற்குப் பிந்திய திருத்தம் 'கடவுள்' என்றது. ஒவ்வொரு முறையும் அறிஞர் ஆராய்ந்தே தெரிந்துகொண்டார்கள்; ஒவ்வொரு முறையும் ஜனங்களில் ஒரு பகுதியார் மனம் நொந்தார்கள். லுத்தரன் சபையார் பப்ரிசியஸ் ஐயரின் வேதாகமத்தை நெடுங்காலம் விடாமல் பற்றிக்கொண்டிருந்தார்கள். அதை வெறும் பிடிவாதம் என்று எண்ணாதிருங்கள். தன் தாய் மரணப் படுக்கையிலே எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளோ, அந்தப் பெயரை விட்டுவிட எவருக்கு மனம் வரும்?

ஆனால் இதையும் கவனியுங்கள். நாம் பழமை என்று காத்துவரும் 'தேவன்' என்னும் சொல், பராபரனை நோக்கி ஜெபித்து வளர்ந்தவர்களுக்கு அன்று அந்நியமான புதுமையாயிருந்தது. ஆகையால் 'நற்செய்தி', 'மீட்பர்', 'திருமுழுக்கு' என்று இளையோர் சொல்லும்போது, பெரியோர் அதை அவபக்தியாக எண்ண வேண்டியதில்லை. 'சுவிசேஷம்', 'இரட்சகர்', 'ஞானஸ்நானம்' என்று பெரியோர் சொல்லும்போது, இளையோர் நகைக்கவும் வேண்டியதில்லை. அந்தச் சொற்களுக்குள்ளே அவர்களுடைய கண்ணீரும் ஸ்தோத்திரமும் சேர்ந்திருக்கின்றன.

அந்தியோகியாவுக்கு வாருங்கள். அங்கேதான் சீஷர்களுக்குக் கிறிஸ்தவர்கள் என்னும் பெயர் முதன்முதல் வழங்கிற்று. அவர்கள் கூடி ஆலோசித்துத் தங்களுக்கு அதைச் சூட்டிக்கொண்டதாக லூக்கா எழுதவில்லை; பிறர் அவர்களை அப்படி அழைத்தார்கள். யூதரும் கிரேக்கரும் ஒரே ஐக்கியத்தில் சேர்ந்தபோது, அவர்களைக் குறிக்கப் பழைய பெயர்கள் போதவில்லை. பர்னபாவும் சவுலும் ஒரு வருஷம் முழுவதும் அங்கே தங்கி உபதேசித்தார்கள். ஜீவியம் முந்திற்று, பெயர் அதன் பின்னே வந்தது. புதிய ஏற்பாட்டிலே மூன்றே இடங்களில் வரும் அந்தப் பெயரைப் பேதுரு எழுதும்போது, அதனிமித்தம் பாடுபடுவதைக்குறித்து எழுதுகிறார். விலைகொடுத்துச் சுமந்தவர்களாலேயே அது உலகமெங்கும் பரவிற்று.

ஆகவே, புதுச்சொல்லை ஜனங்கள் ஏற்பார்களோ என்று கேட்குமுன், அச்சொல்லுக்குரிய பொருளை நம்மிடத்தில் காண்பார்களோ என்று கேட்போம். பாரதியாருக்கு அகப்படாத அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சபைப் பதிவேட்டில் நம் பெயர் அங்கத்தினர் என்று இருக்கிறது. பவுல் கொரிந்தியருக்கு எழுதினபடி, அங்கம் என்பது சரீரத்தின் உறுப்பு. ஒன்று வேதனைப்பட்டால் மற்றவையெல்லாம் சேர்ந்து வேதனைப்படும். பக்கத்து வீட்டு விசுவாசி நோயுற்றிருப்பதை அறியாமலே மாதங்கள் கடந்தால், பதிவேட்டில் எந்தச் சொல் இருந்து என்ன?

இந்த வாரம் ஒன்று செய்யுங்கள். கிருபை, இரட்சிப்பு, மனந்திரும்புதல் ஆகிய மூன்றில் ஒன்றைத் தெரிந்துகொண்டு, வீட்டிலுள்ள பிள்ளைக்கு அதை உங்கள் சொந்த வார்த்தைகளில் விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளை திருப்பிச் சொல்லும் வார்த்தையையும் பொறுமையோடு கேளுங்கள்.

ஜெபம்: மாம்சமான வார்த்தையாகிய ஆண்டவரே, எங்கள் வாயின் சொற்கள் எங்கள் நடக்கையிலே பொருள்பெறக் கிருபை செய்யும். ஆமென்.