கிட்டப்பாவுக்குப் படம் இல்லை, தட்டு உண்டு



போன வாரம், பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் என் பழைய மாணவன் அவிநாசிபாளையம் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டான். "சார், எஸ்.ஜி. கிட்டப்பா நடிச்ச படம் எதாச்சும் யூட்யூப்ல இருக்குதுங்களா?" கைப்பேசியில் அவர் பாட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறான். இல்லையப்பா என்றேன். ஏன் இல்லை என்பதைச் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. அதனால் இங்கே.

செங்கோட்டையில் 1906-ல் பிறந்தவர் கிட்டப்பா. மைக் இல்லாத நாடகக் கொட்டகையில் கடைசி வரிசை வரை எட்டிய குரல். தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்' வந்தது 1931-ல். கிட்டப்பா 1933 டிசம்பரில் போய்விட்டார். வயது 27. சினிமா அவரைத் தொடவே இல்லை. மிச்சமிருப்பது கிராமபோன் தட்டுகள் மட்டும்தான்.

அந்தத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான் கொள்ளும். மேடையில் ஜனங்கள் 'ஒன்ஸ்மோர்' கேட்கக் கேட்க நீண்ட பாட்டை அதற்குள் அடக்க வேண்டும். ஆகவே நாம் இன்று கேட்பது முழுக் கிட்டப்பா அல்ல, தட்டில் கொண்ட அளவு கிட்டப்பா.

அமெரிக்காவிலும் இதே மூன்று நிமிடக் கணக்குதான். அங்கே பிங் கிராஸ்பி என்பவர் 1942-ல் 'ஒயிட் கிறிஸ்துமஸ்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். பிரதி எடுத்து எடுத்து மூல அச்சே தேய்ந்துபோனது. 1947-ல் அவரையே கூப்பிட்டு மறுபடி பாடவைத்தார்கள். இங்கே யாரைக் கூப்பிடுவது?

கே.பி. சுந்தராம்பாள் கதை வேறு. நமக்குக் காங்கயம் தாண்டிக் காவிரிக்கரையில் இருக்கும் கொடுமுடியில் 1908-ல் பிறந்த நம் பக்கத்துப் பொண்ணு. இலங்கை நாடக மேடையில் இருவரும் சேர்ந்தார்கள், பிறகு திருமணம். கிட்டப்பா இறந்தபோது அம்மாவுக்கு 25 வயது. வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டார், இனி ஆண்களுக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935-ல் 'நந்தனார்' படத்துக்கு அழைத்தபோது நந்தனாராகத் தாமே ஆண் வேடம் போட்டார். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் நாடே வாய்பிளந்த தொகை. 1953-ல் 'ஔவையார்', 1965-ல் 'திருவிளையாடல்'. இளமை முதல் முதுமை வரை அந்தக் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. கூடப் பாடியவர் குரலோ அரக்கில் மட்டும். ஆமாம், தட்டுகளை அரக்கு கலந்துதான் வார்த்தார்கள். கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும்.

இதை எழுத எனக்கு யோக்கியதை குறைவு. எங்கள் அம்மாயி வீட்டு அட்டாலியில் ஒரு கட்டுத் தட்டு கிடந்தது. வீட்டை இடித்துக் கட்டியபோது பழைய சாமான்காரரிடம் நான்தான் தூக்கிக் கொடுத்தேன். அவர் சாக்கில் போடும்போதே இரண்டு உடைந்தன. மேலே ஒட்டியிருந்த பெயரைக்கூட நான் படித்துப் பார்க்கவில்லை. வரலாறு பாடம் நடத்திய வாத்தியார்!

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஏதும் இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிறுத்தி வையுங்கள். எனக்கு ஒரு போன் போடுங்கள், வந்து பெயரைப் படிக்கிறேன்.