கம்பி முடிந்த ஊர்

கனடா நாட்டின் மேற்கே பெரும்புல்வெளி ஒன்று பரந்து கிடக்கிறது. 1880-களில் அங்கே இருப்புப்பாதை இட்ட கம்பெனியார், ஏறக்குறைய எட்டுப் பத்து மைலுக்கு ஒரு நிலையம் அமைத்தனர். உழவன் தன் கோதுமையைக் குதிரைவண்டியில் ஏற்றிவந்து, அன்றே வீடு திரும்பவேண்டும் என்பது கணக்கு. முதலில் நிலையம் எழுந்தது. ஊர் பிறகு வந்தது. தெருவை அளந்ததும் பெயர் சூட்டியதும் பல இடங்களில் கம்பெனியாரே. பிற்காலத்தில் லாரிகள் பெருகிக் கிளைப்பாதைகள் மூடப்பட்டபோது, அவ்வூர்களுள் பல தேய்ந்துபோயின.

நான் செம்பாக்கத்துக்காரன். எங்கள் ஊருக்கு நிலையம் இல்லை. தாம்பரமே எங்கள் நிலையம். தாம்பரத்தை ரயில்தான் படைத்தது என்பார் உண்டு. அது முழு உண்மையன்று. ரயிலுக்கு முன்பே அங்கு ஊர் இருந்தது. ஆயினும் அச்சிற்றூர் நகரமானதற்கு 1931-ஆம் ஆண்டைச் சுட்டுவதில் தவறில்லை.

அவ்வாண்டு ஏப்ரல் 2-ஆம் நாள், சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயிலை ஆளுநர் ஜார்ஜ் ஸ்டான்லி தொடங்கிவைத்தார். தென்னாட்டில் இதுவே முதல் மின்சாரப் பாதை. பம்பாய் நகரம் 1925-இலேயே முந்திக்கொண்டது. தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான் அகலம். பாதையின் நீளமோ ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர்.

தலைக்குமேல் சென்ற அந்த மின்கம்பி தாம்பரத்தோடு முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தெற்கே நீராவி இஞ்சின்களின் ஆட்சிதான். கம்பி முடிந்த இடத்தில் வண்டிகளைப் பேணும் பணிமனை வேண்டும்; பணிமனைக்கு ஆட்கள் வேண்டும்; ஆட்களுக்கு வீடுகள் வேண்டும். இவ்வாறு ரயில்வே குடியிருப்பு வளர்ந்தது. ஆங்கிலோ இந்தியர் பலர் அங்கு வாழ்ந்தனர். 1937-இல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி நகரின் நெரிசலை விட்டு இங்கு குடிபெயர்ந்தது. நகரில் சம்பளம் வாங்கித் தாம்பரத்தில் குடியிருக்கலாம் என்பது எழுத்தர் குடும்பங்களுக்குப் பெரும்பேறாயிற்று. காலை வண்டியின் நேரமே அவ்வீடுகளில் அடுப்பு மூட்டும் நேரத்தை வகுத்தது.

இனி, வரலாற்று நூல்கள் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்கிறேன். நம்மைச் சென்னையோடு இணைத்த பாதை, தாம்பரத்தை இரண்டாகப் பிளந்தது. திருச்சி நெடுஞ்சாலையும் கடைவீதியும் மேற்கே. ரயில்வே குடியிருப்பும் கல்லூரியும் கிழக்கே. எங்கள் செம்பாக்கமும் கிழக்கே. சிறுவனாக இருந்தபோது, மூடிய ரயில்வே கேட்டின் முன்னே தந்தையாரின் சைக்கிளில் அமர்ந்து நெடுநேரம் காத்திருந்திருக்கிறேன். கடற்கரைக்குச் செல்வோர் வேகமாகப் போயினர். எதிரே தெரிந்த கடைக்குச் செல்லவேண்டிய நாங்கள் நின்றோம். எனக்கு அது விளையாட்டு. எங்கள் பின்னே மாட்டுவண்டியில் பிள்ளைப்பேற்றுக்குச் சென்றுகொண்டிருந்த பெண்ணுக்கு அது விளையாட்டாக இருந்திருக்குமா?

1964-இல் தாம்பரம் நகராட்சியாயிற்று. அப்பத்தாண்டிலேயே கம்பியும் தெற்கே விழுப்புரம் வரை நீண்டது. 2004-இல் மீட்டர் பாதை மின்வண்டிகள் விடைபெற்று, அகலப்பாதை வண்டிகளே ஓடலாயின. 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானபோது, செம்பாக்கமும் அதனுள் அடங்கியது. கேட் இருந்த இடத்தின் வேலையை இப்பொழுது மேம்பாலம் செய்கிறது. ஆட்சி ஒன்றாயிற்று, பேச்சு மாறவில்லை. கடைக்குப் புறப்படும் எங்கள் வீட்டுப் பெண்டிர், தாம்பரம் போகிறேன் என்று இன்றும் சொல்வதில்லை. "அந்தப் பக்கம் போய்வருகிறேன்" என்றே சொல்கின்றனர்.