பெயரில் மட்டும் வெள்ளி

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழர்கள் கடைக்குப் போனால் "பத்து வெள்ளி", "ஐம்பது வெள்ளி" என்றுதான் விலை பேசுகிறார்கள். ரிங்கிட், டாலர் என்பவை அதிகாரப்பூர்வப் பெயர்களாக இருந்தாலும் பேச்சில் நிலைத்தது வெள்ளிதான். ஒரு காலத்தில் இங்கே புழங்கிய நாணயம் உண்மையிலேயே வெள்ளி உலோகத்தால் ஆனது. அந்த உலோகம் நாணயத்தைவிட்டு எப்படி நீங்கியது என்பதை அறிந்தால், வீட்டு அலமாரியில் கிடக்கும் நினைவு நாணயத்தின் மதிப்பும் புரியும்.

இருமுறை மெலிந்த நாணயம்

பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவை அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களுக்காக 1903ஆம் ஆண்டு ஒரு வெள்ளி நாணயம் வெளியிடப்பட்டது. அதன் எடை 26.95 கிராம். அதில் நூற்றுக்கு 90 பங்கு வெள்ளி உலோகம், அதாவது 24 கிராமுக்குச் சற்று அதிகம். 1906ஆம் ஆண்டு ஒரு வெள்ளியின் மதிப்பு 2 ஷில்லிங் 4 பென்ஸ் என்று நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் உலோக விலையும் ஏறிக்கொண்டிருந்தது. நாணயத்தை உருக்கி விற்றால் லாபம் என்ற நிலை வந்தால், நாணயங்கள் புழக்கத்திலிருந்தே மறைந்துவிடும். ஆகவே 1907ஆம் ஆண்டு எடை 20.21 கிராமாகக் குறைக்கப்பட்டது. 1919ஆம் ஆண்டு நாணயத்தில் எடையும் குறைந்தது, தூய்மையும் பாதியானது. எஞ்சியது சுமார் 8.4 கிராம் வெள்ளி உலோகமே. ஆனால் மதிப்பு மட்டும் அதே ஒரு வெள்ளி!

உருக்கப்பட்ட நினைவு நாணயம்

நினைவு நாணயங்களுக்கும் இதே கதிதான். அணுப்பிளவைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான விஞ்ஞானி ஓட்டோ ஹான் பிறந்த நூற்றாண்டையொட்டி, 1979ஆம் ஆண்டுக்கென மேற்கு ஜெர்மனி 5 மார்க் நாணயத்தைத் தயாரித்தது. ஒவ்வொன்றிலும் 7 கிராம் வெள்ளி உலோகம். அந்த நேரம் பார்த்து உலகச் சந்தையில் விலை எகிறியது. அவுன்ஸ் 20 அமெரிக்க டாலரைத் தொட்டாலே அந்த 7 கிராமின் விலை 5 மார்க்கைத் தாண்டிவிடும். விளைவு, அச்சடித்த நாணயங்கள் உருக்கப்பட்டன. செம்பு நிக்கல் கலவையில் புதிதாக அச்சடித்து வெளியிடப்பட்டன.

1980ஆம் ஆண்டு ஜனவரியில் விலை 50 டாலரை நெருங்கியது. மார்ச் இறுதியில் 11 டாலருக்கும் கீழே சரிந்தது. வெள்ளி உலோகத்தை நம்பியவர்கள் ஏமாந்த கதையும் இதில் அடங்கும்.

பார்வைக்கு ஒன்று, எடைக்கு வேறு

சிங்கப்பூர் 1972ஆம் ஆண்டு வெளியிட்ட 10 வெள்ளி நாணயத்தின் எடை 31.1 கிராம், தூய்மை நூற்றுக்கு 90. சுதந்திரத்தின் பத்தாம் ஆண்டு நினைவாக 1975ஆம் ஆண்டு வந்த 10 வெள்ளி நாணயமும் அதே எடைதான். ஆனால் தூய்மை நூற்றுக்கு 50. முன்னதில் 28 கிராம் வெள்ளி உலோகம்; பின்னதில் பதினைந்தரை கிராம்தான். பேங்க் நெகாராவின் பத்தாம் ஆண்டு நிறைவுக்காக மலேசியா 1969ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு வெள்ளி நாணயத்திலோ வெள்ளி உலோகமே இல்லை. அது செம்பு நிக்கல். பளபளப்பை மட்டும் பார்த்து இந்த வேறுபாட்டை அறிய முடியாது.

காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் போதாது. வெள்ளி உலோகம் காந்தத்தில் ஒட்டாது. செம்பு நிக்கல் கலவையும் பொதுவாக ஒட்டுவதில்லை. ஆகவே நாணயத்தோடு வந்த சான்றிதழில் எடையும் தூய்மையும் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் உலோகத்தின் அளவு கிடைக்கும். அதை அன்றைய விலையோடு பெருக்கினால் உலோக மதிப்பு தெரிந்துவிடும்.

ஒரு நினைவு நாணயத்திற்கு மூன்று மதிப்புகள் உண்டு. பொறிக்கப்பட்ட மதிப்பைச் சட்டம் தருகிறது. உலோக மதிப்பைச் சந்தை தருகிறது. சேகரிப்பாளர் தரும் விலையோ நாணயம் எத்தனை அரிது, எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கறுத்துவிட்டதே என்று தேய்த்துத் துலக்கினால் மூன்றாவது மதிப்பு குறைந்துவிடும். தாத்தா பாட்டி விட்டுச்சென்ற நாணயத்தை நகைக்கடைத் தராசில் வைக்கும் முன், இந்த மூன்றில் எதற்கு அதை விற்கிறோம் என்று தெரிந்துகொள்வது நல்லது. உருக்கிய பிறகு மிஞ்சுவது உலோகம் மட்டுமே.