எண்ணிக்கையா, வழித்தடமா? கிள்ளான் பள்ளத்தாக்கு கிளினிக்குகளில் நோயாளித் தகவல்

மலேசியத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறி, 2013 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2024இல் செய்த திருத்தத்தின் கீழ் வந்த வழிகாட்டுதலின்படி, உடல்நலம் போன்ற உணர்திறன் மிக்க தரவை 10,000 பேருக்கு மேல் கையாளும் நிறுவனம், 2025 ஜூன் முதல் தரவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்தாக வேண்டும். பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ இரண்டு தலைமுறையாக நடக்கும் கிளினிக்கின் அட்டை அலமாரி அந்த எல்லையை எளிதில் தாண்டிவிடும். ஒரு மருத்துவரும் கவுண்டரில் இரண்டு பெண்களும் மட்டுமே உள்ள இடத்தில் யார் அந்த அதிகாரி என்ற முணுமுணுப்பு நியாயமானதே. ஆனால் என் ஆட்சேபம் வேறு. அலமாரியில் எத்தனை அட்டை இருக்கிறது என்பதைவிட, ஓர் அட்டையில் உள்ளது எத்தனை கைகளுக்குப் போகிறது என்பதே ஆபத்தின் அளவு.

முதலாளிகள் தம் ஊழியர்களுக்காக ஒப்பந்தம் செய்துகொள்ளும் பேனல் கிளினிக்கைப் பார்ப்போம். தொழிற்சாலை ஊழியர் வருகிறார், அடையாள அட்டையைக் காட்டுகிறார், காசு கொடுக்காமல் மருந்து வாங்கிப் போகிறார். அந்தக் கட்டணத்தைப் பெற அவருடைய பெயர், அடையாள அட்டை எண், நோய், மருந்து, எம்.சி. (மருத்துவ விடுப்பு) நாள் ஆகியவை கிளேம்களை நிர்வகிக்கும் இடை நிறுவனத்தின் கணினியில் ஏறுகின்றன. அங்கிருந்து முதலாளிக்கு எவ்வளவு போகும் என்பதைக் கிளினிக் அல்ல, ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. சளிக்காய்ச்சல் என்றால் பாதகமில்லை. மனச்சோர்வுக்கு மருந்து வாங்கியவரின் நிலை என்ன? சட்டத்தின் 40ஆம் பிரிவு வெளிப்படையான சம்மதத்தைக் கேட்கிறது. அது தரும் விலக்குகளில் ஒன்று மருத்துவத் தேவை. அத்தேவையில் மருத்துவச் சேவை நிர்வாகமும் அடங்கும். கிளேமை அதற்குள் திணிப்பது, என் பார்வையில், சட்டச் சொல்லை இழுத்து நீட்டுவது. முதல் நாள் படிவத்தில் போட்ட ஒரே கையெழுத்தை எல்லாவற்றுக்கும் சம்மதமாகக் கொள்வதும் அப்படித்தான்.

இன்னொரு வழித்தடம் பரிந்துரைக் கடிதம். கிள்ளான் கிளினிக்கிலிருந்து தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அது போய்ச் சேர்ந்ததும், இச்சட்டத்தின் காவல் அங்கே நின்றுவிடுகிறது. அது அரசு மருத்துவமனை; மத்திய, மாநில அரசுகளுக்கு இச்சட்டம் பொருந்தாது.

நடந்தவையும் இதையே காட்டுகின்றன. 2019இல் ஜெர்மனியின் கிரீன்போன் நிறுவனம், இணையத்தில் காப்பின்றித் திறந்து கிடந்த எக்ஸ்ரே, ஸ்கேன் சேமிப்பகங்களைக் கண்டறிந்தது. அவற்றில் மலேசியப் பதிவுகள் ஏறத்தாழ 20,000. 2023 பிப்ரவரியில் வெளியான தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கை, உச்ச அதிகாரம் பெற்ற ஒரு கணக்கு வழியே 30 லட்சம் தடுப்பூசி பெற்றவர்களின் தரவு கோவிட் காலச் செயலியான மைசெஜாத்ராவிலிருந்து பதிவிறக்கப்பட்டதைச் சுட்டியது. பகிர்வதற்காக வைத்த வாசல்கள்தாம் இரண்டும்.

எண்ணிக்கையைச் சோதிப்பது தரவுப் பாதுகாப்பு ஆணையருக்கு எளிது என்பார்கள். உண்மைதான். ஆனால் இதே திருத்தத்தின் கீழ் வந்த இன்னொரு வழிகாட்டுதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்தில் ஆணையருக்கு அறிவிக்கச் சொல்லும்போது, பெருந்தீங்கு நேருமா என்பதையும் அளவுகோலாக வைக்கிறது. அதிகாரி நியமனத்திலும் அந்த அளவுகோல் வேண்டும். எந்தத் தகவல், யாருக்கு, எதற்காகப் போகிறது என்ற பட்டியலை ஒவ்வொரு கிளினிக்கும் வைத்திருக்கட்டும். சிறிய கிளினிக்குக்கு ஒரு பக்கம் போதும்; அதை எழுதச் சட்ட வல்லுநர் தேவையில்லை, கிளேம் அனுப்பும் கவுண்டர் பெண்ணுக்கே முக்கால்வாசி தெரியும்.