ஓய்வு நாளும் ஓய்வூதியமும்: காவலர் உரிமையின் வரலாறு



காவலரின் விடுப்பையும் ஓய்வூதியத்தையும் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலருக்கு முகம் சுளித்திருக்கும். நியாயம்தான். 1995 கொடியங்குளம், 1999 தாமிரபரணி, 2011 பரமக்குடி என்று நம் பட்டியல் நீளமானது. அதை மறந்துவிட்டுப் பேச நான் வரவில்லை. லத்தியைப் பிடித்திருக்கும் கை யாருடையது, அந்தக் கைக்கு என்ன உரிமை இருக்கிறது என்பதும் நம் கேள்விதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

1855இல் வெளிவந்த சித்திரவதை விசாரணை ஆணைய அறிக்கை, சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் வாக்குமூலம் வாங்கவும் சித்திரவதை வழக்கமாக இருந்ததை அம்பலப்படுத்தியது. பிறகு 1859இல் இம்மாகாணத்துக்குத் தனிக் காவல் சட்டம் வந்தது. 1861இல் இந்தியக் காவல் சட்டம் வந்தது. 1861 சட்டத்தின் 22ஆம் பிரிவு, காவலர் எப்போதும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார் என்கிறது. காவலருக்கு விடுப்பு உரிமையாக இல்லாமல் மேலதிகாரியின் கருணையாகிப்போனதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

1930இல் வட்டமேசை மாநாட்டுக்குச் சென்ற அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும், அரசுப் பணிகளில் ஒடுக்கப்பட்டோருக்குப் போதிய பிரதிநிதித்துவம் கேட்டார்கள். அதே அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை வகித்தார். அந்தக் காலத்தில் ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையும், வாரத்துக்கு 48 மணி நேர வேலை வரம்பும் சட்டமாயின. காவலர் அந்தக் கணக்கில் வரவில்லை. ஆலைச் சங்கு ஊதினால் தொழிலாளி வீட்டுக்குப் போகலாம்; காவல் நிலையத்துக்குச் சங்கே கிடையாது.

1966இல் வந்த காவல் படைகள் உரிமைக் கட்டுப்பாட்டுச் சட்டம், அனுமதியின்றிச் சங்கம் வைப்பதைத் தடுத்தது. 1979இல் தேசியக் காவல் ஆணையம் தன் முதல் அறிக்கையில் கடைநிலைக் காவலர்களின் நிலைமையை ஆராய்ந்தது. அவர்கள் நாளுக்கு 10 முதல் 16 மணி நேரம், வாரத்தின் ஏழு நாளும் உழைப்பதை அது பதிவுசெய்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டுக் காவலர்கள் சங்கம் கேட்டுக் கிளர்ந்தெழுந்தார்கள். முன்னின்றவர்கள் வேலையிழந்தார்கள். ஆர்டர்லி முறையை ஒழிக்கும் அரசாணையும் அந்த 1979இல்தான் வந்தது. ஆனால் 2022இலும் சென்னை உயர் நீதிமன்றம் அதே முறையை ஒழிக்கச் சொல்லி உத்தரவிட வேண்டியிருந்தது. சீருடை கொடுத்து வேலைக்கு எடுத்தவரை அதிகாரி வீட்டில் துணி துவைக்க நிறுத்துவது எந்தச் சமூக வழக்கத்தின் தொடர்ச்சி என்பதை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2021 நவம்பரில், இரண்டாம் நிலைக் காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்று அரசாணை வந்தது. பிறந்த நாளுக்கும் திருமண நாளுக்கும் விடுப்பு என்று காவல்துறைத் தலைவரும் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் ஆள் பற்றாக்குறையுள்ள நிலையத்தில் பந்தோபஸ்து வந்தால் முதலில் பறிபோவது அந்த ஓய்வு நாள்தான். சட்டத்தில் எழுதினால் உரிமை. ஆணையில் எழுதினால் சலுகை. கேட்க ஒரு சங்கமும் இல்லையென்றால் அந்தச் சலுகையும் காகிதத்தோடு நின்றுவிடும்.

பெண் காவலர்கள் 1973இல் தமிழ்நாட்டுக் காவல்துறைக்கு வந்தார்கள். அரசுப் பணியாளர்களுக்கான 12 மாத மகப்பேறு விடுப்பு 2021இல்தான் வந்தது. விடுப்பு முடிந்து திரும்பும் பெண் காவலர், பெற்றோர் அல்லது கணவர் குடும்பம் இருக்கும் மாவட்டத்தில் 3 ஆண்டு பணிபுரியலாம் என்ற அறிவிப்புக்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி ஓய்வூதியம். 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குத் தமிழ்நாட்டில் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான். மாதாமாதம் சம்பளத்தில் 10 விழுக்காடு பிடித்தார்கள். இறுதியில் மாத ஓய்வூதியத்துக்கு உறுதி இல்லை. நிலமுள்ள சாதியில் பிறந்தவருக்கு வேலை போனாலும் வயல் இருக்கிறது. சேரியிலிருந்து முதல் தலைமுறையாக அரசுப் பணிக்கு வந்தவருக்கு ஓய்வூதியம்தான் வயல். அவர் இறந்தால் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியம்தான் வீடு. நம்மவர்கள் ஓரளவு எண்ணிக்கையில் உள்ளே நுழையத் தொடங்கிய தலைமுறையில் அந்த வயல் பறிக்கப்பட்டது. இந்தக் கோணத்தில் ஓய்வூதியத்தை யாரும் பேசுவதில்லை; நாம் பேச வேண்டும்.

2020இல் கொரோனாவைக் காரணம் காட்டி ஈட்டிய விடுப்பைச் சரண் செய்து பணம் பெறுவது நிறுத்தப்பட்டது. 2025 அக்டோபரில்தான் 15 நாள் சரண் திரும்ப வந்தது. ஓய்வு பெறும் வயது 2020இல் 58இலிருந்து 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்ந்தது. பணியில் இருப்பவருக்கு அது இரண்டு ஆண்டுச் சம்பளம். வெளியே தேர்வெழுதிக் காத்திருந்த இளைஞருக்கோ இரண்டு ஆண்டு காலியிடம் போயிற்று. அதில் பட்டியல் சாதியினரின் 18 விழுக்காட்டு இடமும் அடக்கம். 2026 சனவரியில் கடைசி அடிப்படை ஊதியத்தில் பாதியை உறுதியளிக்கும் புதிய ஓய்வூதியத் திட்டம் அறிவிக்கப்பட்டது. அதிலும் ஊழியரின் 10 விழுக்காட்டுப் பங்களிப்பு தொடர்கிறது.

ஓய்வெடுத்த காவலர் சாதி பார்க்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. சாதி தூக்கமின்மையால் வருவதல்ல. 2022 மே மாதம், இங்கிருந்து நடக்கும் தூரத்தில், கோவிந்தசாமி நகர் வீடுகள் இடிக்கப்பட்டபோது ஒருவர் தீக்குளித்து உயிரை விட்டார். அத்தகைய இடங்களில் நிறுத்தப்படும் காவலருக்கு உத்தரவைக் கேள்வி கேட்கச் சங்கமில்லை. அது அவர் செயலுக்கு மன்னிப்பும் ஆகாது. தனக்கென ஓர் உரிமையையும் அறியாதவரிடம் பிறர் உரிமையை ஒப்படைத்திருக்கிறோம் என்பதே என் கவலை.

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. வார ஓய்வைச் சட்டமாக்குங்கள். காவலருக்குச் சங்க உரிமை கொடுங்கள். நிலையத்துக்கு அழைத்துவரப்படும் எவர் மீதும் கை வைத்தவருக்குத் தண்டனையை உறுதிசெய்யுங்கள். மூன்றையும் சேர்த்தே கேட்போம். ஒன்றை மட்டும் தந்தால் வாங்கிக்கொண்டு, மற்ற இரண்டுக்காகத் தொடர்ந்து நிற்போம்.

ஜெய்பீம்.