கடல் கடந்த மீன்

இறகாலும் நூலாலும் பொய் ஈ செய்து, அதனைத் தூண்டிலில் கட்டி டிரவுட் மீன் பிடிப்பது ஆங்கிலேயரின் பழம்பொழுதுபோக்கு. டாஸ்மேனியாவில் குடியேறியோர் அவ்வின்பத்தை அங்கும் நாடினர். வெப்பக் கடல்களைக் கடக்கையில் முட்டைகள் அழிந்தமையால் முதல் முயற்சிகள் தோற்றன. 1864இல் ஜேம்ஸ் யூல் என்பார், முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டியறையில் வைத்து, 'நார்ஃபோக்' கப்பலில் அனுப்பினார். அவற்றுள் பெரும்பகுதி சால்மன். டிரவுட் முட்டைகள் ஏறத்தாழ 3,000 மட்டுமே. கடலுக்குச் சென்ற சால்மன் ஆற்றுக்கு மீண்டு நிலைபெறவில்லை. பிளெண்டி ஆற்றங்கரையில் பொரித்த டிரவுட்டோ பெருகி, ஆறுகளிலும் ஏரிகளிலும் பரவியது. நியூசிலாந்துக்கும் 1867இல் டாஸ்மேனியாவிலிருந்தே முட்டைகள் சென்றன.

ஆயினும், அந்நீர்நிலைகளின் தொன்மைக் குடிகளாகிய கேலக்சியஸ் சிறுமீன்களுள் பல, டிரவுட்டுக்கு இரையாகி அருகிவிட்டன. வந்த மீனின் வெற்றியை எழுதுவோர், இருந்த மீனின் இழப்பையும் எழுதுதல் கடனாகும்.